குளோபல் மைண்ட்செட் வேண்டும் என்கிறார்கள். அதை எங்கிருந்து தொடங்குவது?

படப்பைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஒரகடம் பகுதியில் உள்ள ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் பதினைந்து ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். முதல் பன்னிரண்டு ஆண்டுகள் உற்பத்தியிலும் தரக் கட்டுப்பாட்டிலும் கழிந்தன. பின்னர் ஏற்றுமதிப் பிரிவுக்கு மாற்றப்பட்டு, கடந்த ஏப்ரல் முதல் பன்னாட்டு வணிக மேலாளராக இருக்கிறேன். ஜப்பானில் ஒரு பெரிய வாடிக்கையாளர், ஜெர்மனியில் இருவர், துபாயின் ஜெபல் அலியில் ஒரு கிடங்கு, அதை நடத்தும் ஒன்பது பேர் கொண்ட சிறிய அலுவலகம் ஆகியவை என் பொறுப்பில் வருகின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவுக்கான உதிரிபாக விற்பனை அந்தக் கிடங்கிலிருந்துதான் நடக்கிறது.

அண்மையில் நடந்த ஆண்டு மதிப்பீட்டில் என் மேலதிகாரி, "உங்களிடம் உழைப்பு இருக்கிறது, தொழில் தெரிகிறது, குளோபல் மைண்ட்செட் மட்டும் இன்னும் வரவில்லை" என்று எழுதிவிட்டார். அது என்ன என்று கேட்டதற்கு, நாலு நாடு சுற்றினால் தானாக வந்துவிடும் என்றார். நிறுவனம் என்னை ஒரு இரண்டு நாள் பயிற்சிக்கும் அனுப்பியது. ஜப்பானியரிடம் விசிட்டிங் கார்டை இரு கைகளாலும் கொடுக்க வேண்டும், ஜெர்மானியர் நேரம் தவறமாட்டார்கள், அரபு நாடுகளில் இடது கையால் எதையும் நீட்டக்கூடாது என்பன போன்ற செய்திகளை அங்கே கற்றுக்கொடுத்தார்கள். தெரிந்துகொள்வதில் நட்டமில்லை. ஆனால் எனக்கு நேர்ந்த இரண்டு சறுக்கல்களில் ஒன்றைக்கூட அவற்றால் தடுத்திருக்க முடியாது.

முதல் சறுக்கல் ஜப்பானில் நேர்ந்தது. ஒரு புதிய பிரேக் பாகத்துக்கான விலைப்புள்ளியை அளித்தபோது, வாடிக்கையாளர் தரப்பினர் அக்கறையோடு கேட்டுக்கொண்டு, "ஆராய்ந்து பார்க்கிறோம்" என்று சொல்லி வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். நான் அதை ஏறத்தாழ உறுதி என்று எடுத்துக்கொண்டு, அடுத்த காலாண்டின் விற்பனைக் கணக்கில் சேர்த்துவிட்டேன். ஐந்து மாதங்கள் கடந்தும் ஆர்டர் வரவில்லை; மறுப்பும் வரவில்லை. இரண்டாவது சறுக்கல் ஜெர்மனியில் நேர்ந்தது. ஒரு லாட்டில், அதாவது ஒரே தொகுதியாக அனுப்பிய பாகங்களில், அளவுப் பிழை இருப்பதாகப் புகார் வந்தவுடன், மிகவும் வருந்துகிறோம், இனி இப்படி நேராது என்று பணிவாக ஒரு கடிதம் எழுதினேன். அதைப் படித்த பிறகு அவர்களுடைய கோபம் முன்னைவிட அதிகமாயிற்று.

உலகளாவிய மனப்பாங்கு என்பது படித்துப் பெறும் அறிவா, பழகிப் பெறும் குணமா? தமிழ்வழியில் படித்து, முப்பத்து நான்கு வயதில் முதன்முறையாக விமானம் ஏறிய ஒருவர் அதைப் பெற என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு முகம் வைத்துக்கொண்டால் கடைசியில் என் முகம் எது என்ற குழப்பமும் எனக்கு உண்டு. அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தர மேலாளர்

தம்பிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் வாகன உதிரிபாகத் துறையில் இருந்தவன், அதில் பாதிக்கு மேல் ஜப்பானிய வாடிக்கையாளர்களுடன் கழிந்தது என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நீங்கள் தரக் கட்டுப்பாட்டிலிருந்து வந்தவர். அதனால் உங்களுக்குப் பழகிய வரைபடத்திலிருந்தே தொடங்கலாம். ஜெர்மனியிலிருந்து வரும் வரைபடம் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறையில் இருக்கும். ஜப்பானிலிருந்து வருவது தேர்ட் ஆங்கிள் முறையில் இருக்கும். முதலாவதில் பாகத்தின் வலப்பக்கத் தோற்றம் முன்தோற்றத்துக்கு இடப்புறம் வரையப்படும். மற்றதில் வலப்புறமே வரையப்படும். நாம் பாலிடெக்னிக்கில் பழகியது ஃபர்ஸ்ட் ஆங்கிள். அந்தப் பழக்கத்திலேயே ஜப்பானிய வரைபடத்தைப் படித்து எந்திரத்தை ஓட்டினால், வலப்புறம் இருக்க வேண்டிய துளை இடப்புறம் போய்விடும். அப்படி ஒரு லாட் வீணாகும்போது, வரைந்தவர் தவறு செய்திருக்கமாட்டார். படித்தவருக்கும் வரைபடம் படிக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. எந்த முறை என்று காட்டும், தாளின் மூலையில் உள்ள கூம்புக் குறியைப் பார்க்காமல், தனக்குத் தெரிந்த முறைதான் எல்லாருடைய முறையும் என்று நினைத்ததே அவர் செய்த பிழை. நீங்கள் கேட்கும் மனப்பாங்கு என்பது, என் அனுபவத்தில், அந்தக் குறியை முதலில் தேடும் பழக்கம்தான். சிக்கல் என்னவென்றால், மனிதர்கள் பேசும்போது அந்தக் குறி எந்த மூலையிலும் அச்சாகி வருவதில்லை.

இனி உங்கள் ஜப்பானியச் சறுக்கலுக்கு வருகிறேன். அவர்கள் சொன்னது பெரும்பாலும் "கென்டோ ஷிமாசு" என்ற தொடராக இருக்கும். ஆராய்கிறோம் என்பது அதன் நேர்ப்பொருள். வணிகப் பேச்சில் பல நேரங்களில் அது கனிவான மறுப்பு. இதற்காக நாம் வியப்படையத் தேவையில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, "ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம்" என்று எழுந்தால், நம் வீட்டுப் பாட்டிக்கு அந்த நொடியே விடை தெரிந்துவிடும். கடன் கேட்டவரிடம் "பார்க்கலாம்" என்று சொல்வதும் அதே வகைதான். தமிழில் இவ்வளவு நுட்பமாகக் காது கொடுக்கத் தெரிந்த நாம், வணிகம் ஆங்கிலத்தில் நடக்கும்போது மட்டும் சொல்லை அகராதிப் பொருளிலேயே எடுத்துக்கொள்கிறோம். ஆகவே தமிழ்வழியில் படித்தது உங்களுக்குக் குறை அன்று. சொல்லப்போனால் வினைச்சொல் இறுதியில் வரும் அமைப்பு தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் பொது என்பதால், அந்த மொழியின் அடிப்படையைக் கற்பது ஆங்கிலம் கற்றதைவிட உங்களுக்கு எளிதாக இருக்கும்.

ஆனால் அந்தத் தொடர் எப்போதும் மறுப்பு என்றும் முடிவு கட்டிவிடக்கூடாது. ஜப்பானிய நிறுவனங்களில் ஒரு முடிவு கூட்டத்தில் பிறப்பதில்லை. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு துறையையும் தனித்தனியே சந்தித்து ஒப்புதல் திரட்டப்படுகிறது. இதை "நெமவாஷி" என்பார்கள். மரத்தை வேறிடத்தில் நடுவதற்கு முன் வேரைச் சுற்றி மண்ணைப் பக்குவப்படுத்தும் வேலையிலிருந்து வந்த சொல் அது. உங்கள் விலைப்புள்ளி அந்தக் கட்டத்தில் இருக்கிறதா, கைவிடப்பட்டுவிட்டதா என்பதை அறிய ஒரு வழி உண்டு. "எந்தத் துறையின் கருத்து இன்னும் வரவேண்டும், அவர்களுக்காக நாங்கள் என்ன தரவு அனுப்பலாம்" என்று கேளுங்கள். சோதனைப் பிரிவுக்கு இன்ன அறிக்கை வேண்டும் என்று குறிப்பாகப் பதில் வந்தால் ஆர்டருக்கு உயிர் இருக்கிறது. "தற்போது சற்றுக் கடினமாக இருக்கிறது" என்று பொதுவாகப் பதில் வந்தால், விற்பனைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, உறவை மட்டும் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

நான் இந்தப் பாடத்தைச் சற்று வலியோடுதான் கற்றேன். ஒருமுறை, பாகங்களுக்கு வடிவம் தரும் அச்சான டையில் விரிசல் கண்டோம். இரவு பகலாக மூன்று நாள்கள் போராடி, அனுப்பும் தேதி தவறாமல் சரிசெய்த பிறகு, எங்கள் தொழிற்சாலைக்கு வந்திருந்த ஜப்பானிய ஆலோசகரிடம் பெருமையோடு சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அறிவித்தல், தகவல் தருதல், கலந்துபேசுதல் ஆகிய மூன்றையும் குறிக்கும் ஜப்பானியச் சொற்களின் முதல் அசைகளைச் சேர்த்து அவர்கள் "ஹோரென்சோ" என்கிறார்கள். அதே ஒலியுள்ள சொல்லுக்குப் பசலைக்கீரை என்றும் பொருள். அதனால் ஜப்பானில் எவரும் அதை மறப்பதில்லை. நமக்கோ கெட்ட செய்தியைச் சரிசெய்துவிட்டுச் சொல்வதுதான் பொறுப்பான செயல். அவருடைய கணக்கில் நான் செய்தது மறைப்பு. என் கணக்கில் அது கடமை. இரண்டு கணக்கும் நாணயமானவைதான் என்று எனக்கு விளங்கிய நாள் என் பணிவாழ்வில் ஒரு முக்கியமான நாள்.

ஒரு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: யார் என்ன சொன்னார், எத்தனை நாள் கழித்துப் பதில் வந்தது. வலப்பக்கத்தில் நீங்கள் அதற்குக் கொண்ட பொருளை எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துத் திருப்பிப் படித்தால், எந்த இடங்களில் உங்கள் ஊரின் பழக்கத்தை உலகத்தின் விதியாக எண்ணியிருக்கிறீர்கள் என்பது சிவப்பு மையில் அடிக்கோடிட்டதைப் போலத் தெரியும்.

உங்கள் முகம் மாறிவிடுமோ என்ற அச்சத்துக்கு ஒரு செய்தி. டெமிங் என்ற அமெரிக்கர் 1950இல் ஜப்பானுக்குச் சென்று புள்ளியியல்வழித் தரக் கட்டுப்பாட்டைப் பற்றி உரையாற்றினார். அவர் பெயரில் ஜப்பானியர் 1951இல் ஒரு பரிசை நிறுவினார்கள். 1998இல் அந்தப் பரிசை இந்தியாவில் முதன்முதலாகப் பெற்றது, சென்னை பாடியில் இயங்கிய நம் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. அமெரிக்கச் சிந்தனையைக் கற்ற ஜப்பானியர் அமெரிக்கராகிவிடவில்லை. அவர்களிடம் கற்ற பாடிக்காரர்கள் டோக்கியோக்காரர்களாகவும் ஆகிவிடவில்லை.

நூல்கண்டு

ஐயாவின் பதிலை இரண்டு முறை படித்தேன். நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகளாக, வாங்குவோரின் ஆர்டர்களைக் கவனித்து முடித்துக்கொடுக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். அவர் வரைபடத்தைச் சொன்னார். எங்களுக்கு, துணியின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸ். பகல் வெளிச்சத்துக்கு ஈடான விளக்கின் கீழ் ஒத்துப்போகும் இரண்டு துணிகள், ஐரோப்பியக் கடைகளில் உள்ள விளக்கின் கீழ் வேறு வேறு ஷேடாகத் தெரியும். ஆகவே லேப் டிப் எனப்படும் சாயமிட்ட மாதிரித் துணியை அனுப்பும் முன் எந்த விளக்கின் கீழ் அப்ரூவல் என்று கேட்டு வாங்கிக்கொள்வது எங்களுக்கு முதல் பாடம்.

ஒரு இடத்தில் மட்டும் ஐயாவிடமிருந்து வேறுபடுகிறேன். ஜப்பானியர் இப்படி, ஜெர்மானியர் அப்படி என்று தொடங்கினால், பயிற்சி வகுப்பின் பட்டியலையே சற்று நுட்பமாக எழுதுவதில் போய் முடியும் என்று அஞ்சுகிறேன். எனக்கு ஜெர்மனியில் இரண்டு பையர்கள், அதாவது வாங்குபவர்கள், இருக்கிறார்கள். ஒருவர் மலிவு விலைக் கடைத்தொடருக்கு வாங்குபவர். ஒரு நாள் தாமதத்தை மன்னிக்கமாட்டார், ஆனால் ஷேடில் சிறிய வேறுபாட்டை ஏற்றுக்கொள்வார். மற்றவர் இயற்கைப் பருத்தி ஆடைகளை விற்கும் சிறு நிறுவனத்தின் உரிமையாளர்; இரண்டு வாரத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார், ஆனால் சாயத்தின் சான்றிதழில் ஒரு எண் மாறியிருந்தாலும் பெட்டியைத் திறக்கமாட்டார். இருவரும் ஒரே நாட்டினர், ஒரே மொழியினர். அவர்களைப் பிரித்துக் காட்டுவது அவரவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான். ஒருவருக்குக் கடைத்தொடரின் விளம்பரத் தேதி எசமானர். மற்றவருக்கு வாடிக்கையாளரின் நம்பிக்கை எசமானர். எனவே எந்தப் பையருடன் பேசத் தொடங்கினாலும், இவர் நாளைக் காலை யாருக்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்று முதலில் எண்ணிப் பார்க்கிறேன்.

உங்கள் ஜெர்மானியக் கடிதத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். உங்களிடம் புகார் அனுப்பிய பொறியாளர் தன் ஆலைத் தலைவருக்கு ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். பிழையுள்ள பாகங்கள் இப்போது எங்கெங்கே இருக்கின்றன, அவை எப்படித் தனியே எடுத்து வைக்கப்பட்டன, காரணம் என்ன, சோதனையில் ஏன் தப்பியது என்பன அவருக்கு வேண்டும். உங்கள் துறையில் இதற்கென்றே, சிக்கலை எட்டுப் படிகளில் ஆராய்ந்து தீர்க்கும் 8டி அறிக்கை இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் ஆடிட்டுகளில் அதைப்போல கரெக்டிவ் ஆக்‌ஷன் பிளான் உண்டு. நீங்கள் அனுப்பியதோ வருத்தம். அந்த வருத்தத்தை அவர் தன் தலைவரிடம் கொண்டுபோய் என்ன செய்வார்? காரணம் தெரியாமலேயே இனி நேராது என்று உறுதி கொடுத்தது, அவருடைய காதில் அலட்சியமாக ஒலித்திருக்கும். நம் ஊரில் காரணத்தை விரிவாகச் சொன்னால் சாக்குச் சொல்வதாக நினைப்பார்கள். அதனால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது மரியாதை. அங்கே காரணத்தைச் சொல்வதுதான் மன்னிப்புக் கேட்கும் முறை.

சட்டங்களையும் படியுங்கள். பழக்கவழக்கங்களைவிட அவை எளிதில் கிடைக்கின்றன, பொய்யும் சொல்வதில்லை. தங்களுக்குப் பொருள் வழங்குவோரிடம் மனித உரிமைகள் காக்கப்படுகின்றனவா என்று நிறுவனங்கள் கவனிக்கக் கோரும் ஜெர்மனியின் வழங்கல் சங்கிலிச் சட்டம் 2023 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தபோது, எங்களிடம் திடீரெனக் கேள்வித்தாள்கள் குவிந்தன. ஜெர்மானியருக்கு நம் மேல் சந்தேகம் என்று எங்கள் உரிமையாளர் வருத்தப்பட்டார். சட்டத்தின் சுருக்கத்தை வாசித்துக் காட்டிய பிறகுதான், பதில் தராவிட்டால் அவர்களுக்கே அபராதம் விழக்கூடும் என்பது புரிந்தது.

எண்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜெர்மானியர் 1.250 என்று எழுதினால் அது ஆயிரத்து இருநூற்று ஐம்பது. நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் காற்புள்ளி வைப்பார்கள். உங்களுக்கு இது தெரிந்திருக்கும். உங்கள் கணக்குப் பிரிவில் உள்ள புதியவருக்குத் தெரியுமா என்று பார்த்துவிடுங்கள். அதேபோல் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எங்கள் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் திரும்பும் நாள்களை ஆண்டின் தொடக்கத்திலேயே பையர்களுக்கு அனுப்பிவிடுகிறோம். உலகத்தை நாம் புரிந்துகொள்வது பாதிதான். நம்மை உலகத்துக்குப் புரியவைப்பதும் இந்த வேலையில் சேர்ந்தது.

தெம்பனிஸ்காரன்

சிங்கப்பூரில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் வட்டார மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். மேலே உள்ள இரண்டு பதில்களும் மதிப்புள்ளவை. ஆயினும் இரண்டும் மேலாளரின் தலைக்குள்ளேயே தீர்வைத் தேடுகின்றன. உங்கள் மேலதிகாரியும் அதையே செய்கிறார். மனப்பாங்கு உங்களுக்கு இல்லை என்று எழுதியவர், அந்த மனப்பாங்கு தலைமையகத்தின் நடைமுறைகளில் இருக்கிறதா என்று பார்த்தாரா?

ஹோவர்ட் பெர்ல்மட்டர் என்ற அறிஞர் 1969இல் பன்னாட்டு நிறுவனங்களின் மனப்போக்குகளை வகைப்படுத்தினார். தாய்நாட்டில் செய்வதையே எல்லா நாடுகளிலும் செய்வது ஒரு வகை. அந்தந்த நாட்டுக் கிளையை அதன் போக்கில் விட்டுவிடுவது மற்றொரு வகை. எங்கிருந்து வந்தாலும் சிறந்த வழியையும் சிறந்த ஆளையும் எடுத்துக்கொள்வது மூன்றாவது வகை. இது தனிமனிதரின் குணத்தைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று. அதிகாரம் யாரிடம் இருக்கிறது, யார் பதவி உயர்வு பெறுகிறார், செய்தி எந்தத் திசையில் ஓடுகிறது என்பவற்றைப் பற்றியதும் ஆகும். இரண்டாம் வகையைத்தான் பலர் பெருந்தன்மை என்று தவறாக எண்ணுகிறார்கள். துபாய்க்காரர்கள் துபாயைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது மரியாதையாகத் தோன்றும். உண்மையில் அங்கே கற்றது ஒன்றும் ஒரகடத்துக்கு வந்து சேராது.

நம் மண்ணைச் சேர்ந்த ஒருவர் இதற்கு மேலும் ஒரு கோணத்தைச் சேர்த்தார். 1941இல் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்த மேலாண்மை அறிஞர் சி. கே. பிரகலாத், யவ் தோஸ் என்பவருடன் சேர்ந்து 1980களில் விளக்கியது இது: பன்னாட்டு மேலாளர் எப்போதும் இரண்டு இழுப்புகளுக்கு நடுவில் இருக்கிறார். உலகம் முழுவதும் ஒன்றுபோல் செய்தால் செலவு குறையும்; அந்தந்த ஊருக்கு ஏற்பச் செய்தால் விற்பனை நிலைக்கும். எதை ஒன்றாக வைப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்பதை ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே முடிவுசெய்ய வேண்டும். உங்கள் பிரேக் பாகத்தின் பாதுகாப்புச் சோதனை எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். அதில் பேரமே கிடையாது. ஆனால் கிழக்கு ஆப்பிரிக்கக் கடைக்காரருக்கு எத்தனை நாள் கடன் கொடுப்பது என்பதைச் சென்னையிலிருந்து முடிவுசெய்வதில் எனக்குப் பொருள் தெரியவில்லை.

வால்மார்ட்டின் ஜெர்மானிய அனுபவத்தைப் பாருங்கள். 1997இன் இறுதியில் ஒரு கடைத்தொடரை வாங்கி அந்நாட்டில் நுழைந்தது. முதலில் பொறுப்பேற்ற அமெரிக்கத் தலைவருக்கு ஜெர்மன் தெரியாது. ஆகவே நிர்வாகப் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறியது. வாசலில் நின்று புன்னகையோடு வரவேற்கும் வழக்கத்தை அங்கும் கொண்டுபோனார்கள். அது பலருக்கு உவப்பாக இல்லை. இதை மட்டும் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த நாட்டின் சட்டமும் சந்தையும் அவர்களுடைய கணக்கில் இடம்பெறாமல் போனதுதான். அடக்க விலைக்குக் கீழே விற்பதை அந்நாட்டின் போட்டிச் சட்டம் கட்டுப்படுத்தியது. 2000இல் சில பொருள்களின் விலையை உயர்த்துமாறு ஆணை வந்தது. ஊழியர் நடத்தை விதிகளில் சிலவற்றை 2005இல் வூப்பர்டால் தொழிலாளர் நீதிமன்றம் செல்லாது என்றது. மலிவு விலையிலோ ஆல்டி, லிடில் போன்ற ஜெர்மானியக் கடைத்தொடர்கள் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. 2006இல் 85 கடைகளை மெட்ரோ நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, ஏறத்தாழ 100 கோடி டாலர் இழப்போடு வெளியேறினார்கள்.

இதே வால்மார்ட் 1991இல் மெக்சிகோவில் சிஃப்ரா என்ற உள்நாட்டு நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து நுழைந்து, பிறகு அந்நாட்டின் மிகப்பெரிய சில்லறை வணிகமாக வளர்ந்தது. ஒரே தலைமையகம்தான். ஒரு நாட்டில் உள்ளூர் ஆள் முதலிலிருந்தே மேசையில் இருந்தார். மற்ற நாட்டில் இல்லை. வேறு காரணங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் மெக்சிகோவுக்குப் போனவர்கள் எல்லாரும் விரிந்த மனத்தோடு பிறந்தவர்கள், ஜெர்மனிக்குப் போனவர்கள் எல்லாரும் குறுகிய மனத்தினர் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

எனவே உங்களிடம் சில கேள்விகள். துபாய் அலுவலகத் தலைவர் சென்னையைக் கேட்காமல் எவ்வளவு தள்ளுபடி கொடுக்கலாம்? கடந்த ஓராண்டில் துபாயில் உள்ள ஒருவர் சொன்ன யோசனையால் ஒரகடத்தில் ஏதேனும் மாறியிருக்கிறதா? வாராந்திரக் கூட்டம் யாருடைய கடிகாரப்படி நடக்கிறது? இவற்றுக்கு விடை எழுதிப் பாருங்கள். நோட்டுப்புத்தகத்தின் மூன்றாவது பக்கமாக ஐயா இதை ஏற்றுக்கொள்வார் என்று நம்புகிறேன்.

படப்பைவாசி

மூவருக்கும் நன்றி. ஜெர்மானிய வாடிக்கையாளருக்கு 8டி அறிக்கையைத் திரும்ப எழுதத் தொடங்கிவிட்டேன். ஃபோர்டு நிறுவனத்தில் உருவான அந்த முறையைப் பல ஆண்டுகளாக ஆலைக்குள் பயன்படுத்திய நானே, வாடிக்கையாளருக்கு எழுதும்போது அதை மறந்து மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன் என்பது வெட்கமாக இருக்கிறது. ஜப்பானிய வாடிக்கையாளரிடம் ஐயா சொன்ன கேள்வியைக் கேட்டேன். பாகம் எத்தனை முறை சுமையைத் தாங்கும் என்று பார்க்கும் சோர்வுச் சோதனையின் முழுத் தரவையும் அவர்களுடைய வடிவமைப்புப் பிரிவு எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறதாம். ஐந்து மாதங்களாக அவர்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். நாங்கள் அவர்களுக்காகக் காத்திருந்தோம்.

தெம்பனிஸ்காரரின் மூன்றாவது கேள்விக்கு விடை எழுதும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் வாராந்திர ஆய்வுக் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.30க்கு நடக்கிறது. துபாயில் அப்போது ஒரு மணி. 2022 சனவரி முதல் அங்கே அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாள் என்பதும், எங்கள் அலுவலகமும் அதையே பின்பற்றுகிறது என்பதும் எனக்குத் தெரியும். வெள்ளித் தொழுகை அந்த நேரத்தையொட்டியே வரும் என்பதும் தெரியும். இவை மூன்றையும் நான் ஒருபோதும் சேர்த்துப் பார்த்ததில்லை. அங்குள்ள ஒன்பது பேரில் நால்வர் முஸ்லிம்கள். அவர்கள் பேசாமல் இருப்பதையும், இடையில் இணைப்பைத் துண்டிப்பதையும் பார்த்து, ஈடுபாடு போதாது என்று போன ஆண்டு மதிப்பீட்டில் ஒருவருக்கு நானே எழுதியிருக்கிறேன்.

கூட்டத்தை மாற்றப் போகிறேன். அவர்களிடம் கேட்டுவிட்டு மாற்றுவதா, மாற்றிவிட்டு அறிவிப்பதா என்பதில் தயக்கமாக இருக்கிறது. துபாயில் பணிபுரிபவர் எவரேனும் இருந்தால் சொல்லுங்கள்.

தேரா பக்கம்

துபாயில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள். எல்லார் முன்னிலையிலும் கேட்டால், "நோ ப்ராப்ளம் சார், இதே நேரம் இருக்கட்டும்" என்றுதான் ஒன்பது பேரும் சொல்வார்கள். ஒவ்வொருவரிடமும் தனியே பேசி, வாரத்தில் எந்த மூன்று நேரங்கள் வசதி என்று கேளுங்கள். வெள்ளியைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம்; மற்ற நாள்களை மட்டும் பட்டியலிட்டால் போதும், புரிந்துகொள்வார்கள். உங்களுக்காக மாற்றினேன் என்ற தொனியும் வேண்டாம். நேரம் மாறியிருக்கிறது என்று ஒருவரிச் செய்தி போதும்.

ரமலான் மாதத்தில் இங்கே வேலை நேரம் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் குறையும். அந்த மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள்கள் முன்னே நகர்ந்து வரும் என்பதால், போன ஆண்டின் அட்டவணையை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. சவூதிக்கும் சரக்கு அனுப்புகிறீர்கள் என்றால், அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த மதிப்பீட்டைத் திருத்த உங்கள் நிறுவனத்தில் வழி இருக்கிறதா என்று பாருங்கள். கூட்ட நேரத்தை மாற்றுவதைவிட அதற்குத்தான் அதிகத் துணிவு வேண்டும்.

படப்பைவாசி

தனித்தனியே பேசிவிட்டேன். எட்டுப் பேர் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி என்றார்கள். ஒருவர் மட்டும் எந்த நேரமும் சம்மதம் என்றார். மதிப்பீட்டுத் திருத்தத்துக்கு மனிதவளப் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. புதிய கூட்ட நேரத்தை நேற்று எல்லாருக்கும் அனுப்பினேன். துபாயில் பத்தரை என்றால் இங்கே பன்னிரண்டு. அரை மணி நேரத்தில் ஆலைத் தலைவர் தொலைபேசியில் அழைத்து, பன்னிரண்டு மணி எங்கள் முதல் ஷிஃப்டின் உணவு இடைவேளை, அதைக்கூடவா யோசிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டார்.